ஓடும் பாலுக்கு 15 நொடி

பாலில் இருக்கும் நோய்க்கிருமிகளைச் சூட்டால் கொல்ல இரண்டு கணக்குகள் வழக்கத்தில் உள்ளன. 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்திருப்பது ஒன்று. 72 டிகிரியில் 15 நொடி வைத்திருப்பது இன்னொன்று. சூடு 9 டிகிரிதான் கூடுகிறது. நேரமோ 120 மடங்கு குறைந்துவிடுகிறது.

முதல் கணக்குக்கு ஒரு தொட்டி போதும். பாலை நிரப்பி, சூடாக்கி, கலக்கிக்கொண்டே அரை மணி நேரம் காத்திருந்து, ஆறவைத்து இறக்கிவிடலாம். இரண்டாவது கணக்கைத் தொட்டியில் வைத்துச் செய்ய முடியாது. 5,000 லிட்டர் பாலை ஒரே நேரத்தில் 72 டிகிரிக்கு ஏற்றி, 15 நொடி நிறுத்தி, அடுத்த கணமே குளிர்விக்க எந்தத் தொட்டியாலும் ஆகாது. அதற்குப் பால் ஓட வேண்டும். ஓடியபடியே சூடேறி, ஓடியபடியே அந்த 15 நொடியைக் கழித்து, ஓடியபடியே குளிர வேண்டும்.

இதைத்தான் தொடர் உற்பத்தி முறை என்கிறோம். சென்னைக்குப் பால் தரும் மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் ஆவின் பண்ணைகள் போன்ற பெரிய பால் பண்ணைகளில் பாக்கெட் பால் இப்படித்தான் தயாராகிறது. பால் துறைக்கு இது பழகிப்போன முறை. மாத்திரை செய்யும் மருந்துத் துறை இப்போதுதான் இதற்கு வந்துகொண்டிருக்கிறது. பாலின் வழியே படிப்படியாக நடந்து பார்த்தால், மருந்துக்கூடங்கள் எதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதும் விளங்கும்.

தொட்டி முறையில் நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லிவிடலாம். ஓட்ட முறையில் நேரத்தை நிர்ணயிப்பவை குழாயின் நீளமும் பம்பின் வேகமும். அந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் 15 நொடி உண்மையான 15 நொடி. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் படிக்கு வருவோம்.

படி 1: வாசலில் சோதனை

டேங்கர் வந்ததும் பாலை நன்றாகக் கலக்கி மாதிரி எடுக்கிறார்கள். வெப்பநிலை, மணம், கொழுப்பு, கொழுப்பு நீங்கலான திடப்பொருள், புளிப்பு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். யூரியா, மாவுச்சத்து, சர்க்கரை, புளிப்பை மறைக்கச் சேர்க்கும் சோடா ஆகியவை கலந்திருக்கின்றனவா என்றும் சோதிக்கிறார்கள். இவற்றில் எளியது கொதி சோதனை. சில மில்லி பாலைச் சோதனைக்குழாயில் எடுத்துக் கொதிக்கும் நீரில் சுமார் 5 நிமிடம் வைப்பார்கள். குழாயைச் சாய்த்துப் பார்க்கும்போது கண்ணாடிச் சுவரில் திப்பிதிப்பியாகத் திரிந்த பால் தெரிந்தால் அந்த டேங்கரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தொடர் முறையில் இந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம். தொட்டியில் பால் திரிந்தால் அந்தத் தொட்டியோடு நட்டம் முடிந்துவிடும். ஓட்டத்தில் திரிந்தால், சூடேற்றும் தகடுகளின் இடைவெளியில் அது படிந்து அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் நல்ல பாலும் நின்றுவிடும்.

தேறிய பாலை 4 டிகிரிக்குக் குளிரவைத்து உயரமான சேமிப்புக் கலன்களில் ஏற்றுகிறார்கள். பாக்கெட்டின் வகைக்கேற்பக் கொழுப்பைக் கூட்டிக் குறைத்துச் சமன்படுத்துவதும் உண்டு. சமன்படுத்திய பால் என்று விற்கப்படும் டோன்டு பாலில் 3 சதவீதக் கொழுப்பும் 8.5 சதவீத இதரத் திடப்பொருளும், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதமும் 9 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுத் தர விதி.

படி 2: பேலன்ஸ் டேங்க்

பாலை ஓட்டத்திலேயே சூடாக்கிக் குளிர்விக்கும் இயந்திரம் பாஸ்டரைசர். அதன் தொடக்கத்தில் சிறிய தொட்டி ஒன்று இருக்கும். பால் மட்டம் தாழ்ந்தால் மிதவை இறங்கி வால்வைத் திறக்கும், ஏறினால் மூடும். பார்க்க எளிய ஏற்பாடுதான். ஆனால் பம்பின் வாயில் பால் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. மட்டம் ஏறி இறங்கினால் ஓட்டத்தின் வேகம் மாறும். தொட்டி வற்றினால் பம்புக்குள் காற்று புகும். இரண்டாலும் அந்த 15 நொடி கெட்டுவிடும். போதிய சூடு ஏறாத பால் திரும்பி வந்து சேர்வதும் இந்தத் தொட்டியில்தான்.

படி 3: சூட்டைக் கைமாற்றுதல்

அடுத்தது தகடு வெப்பமாற்றி. 1923-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் செலிக்மன் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை வரிசையாக அடுக்கி, இடையில் ரப்பர் கேஸ்கெட் வைத்து இறுக்கியிருப்பார்கள். தகடுகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். ஒரு தகட்டின் இந்தப் பக்கம் குளிர்ந்த பச்சைப் பால். அந்தப் பக்கம், ஏற்கெனவே சூடேறிப் பதமாகித் திரும்பும் பால், எதிர்த்திசையில். தகட்டில் மீன்முள் போன்ற வரிகள் அழுத்தப்பட்டிருக்கும். அந்த மேடுபள்ளத்தில் பால் புரண்டு புரண்டு ஓடுவதால் சூடு விரைவாக மாறுகிறது.

இந்தக் கட்டத்தின் லாபத்தை ஒரு கணக்கில் காட்டலாம். 4 டிகிரியில் நுழையும் பால் 72-க்கு ஏற வேண்டும். 68 டிகிரி ஏற்றம். இதில் 90 சதவீதத்தைத் திரும்பும் பாலே கொடுத்துவிட்டால், பச்சைப் பால் 65 டிகிரியைத் தாண்டிவிடும். வெளிச்சூட்டால் ஏற்ற வேண்டியது 7 டிகிரிக்கும் குறைவு. சூட்டைக் கொடுத்த பாலும் 11 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். குளிரூட்டும் செலவிலும் அவ்வளவு மிச்சம். நல்ல ஆலைகளில் இந்த மீட்பு 90 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. தொட்டி முறையில் இது நடக்காது. முதல் தொட்டி ஆறும் நேரமும் அடுத்த தொட்டி சூடேறும் நேரமும் ஒன்றாக அமைவதில்லை; ஓட்டத்தில் இரண்டும் எப்போதும் ஒரே கணத்தில் நடக்கின்றன.

கொழுப்பைப் பிரிக்கும் செப்பரேட்டர், கொழுப்புத் துளிகளை நுண்ணியதாக உடைக்கும் ஹோமோஜெனைசர் ஆகியவை இருந்தால், பால் இளஞ்சூட்டில் இருக்கும் இந்த இடத்தில்தான் அவற்றுக்குப் போய்வரும்.

படி 4: கடைசிச் சில டிகிரி

மீதி ஏற்றத்துக்கு வெந்நீர் பயன்படுகிறது. நீராவியை நேராகத் தகட்டுக்கு விட்டால் பால் சுவரில் தீய்ந்து ஒட்டும். அதனால் நீராவியால் நீரைச் சூடாக்கி, பாலின் இலக்கைவிடச் சில டிகிரி மட்டுமே கூடுதலாக வைத்து, அந்த நீரைத் தகட்டின் மறுபக்கம் ஓட்டுகிறார்கள்.

படி 5: 15 நொடிக் குழாய்

இயந்திரக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் உறுப்பு இது. வெறும் வளைகுழாய், அசையும் பாகம் ஒன்றும் கிடையாது. ஹோல்டிங் டியூப் என்பார்கள். பாலின் நோய்க்கிருமிகள் சாவது இங்கேதான்.

நீளத்தைக் கணக்கிடுவோம். மணிக்கு 5,000 லிட்டர் என்றால் நொடிக்கு சுமார் 1.4 லிட்டர், 15 நொடியில் கிட்டத்தட்ட 21 லிட்டர். உள்விட்டம் 5 சென்டிமீட்டர் உள்ள குழாயில் 21 லிட்டர் அடங்க 10.6 மீட்டர் நீளம் வேண்டும். அவ்வளவு நீளத்துக்குக் குழாய் வைத்துவிட்டால் போதுமா? போதாது. வாய்க்காலில் நடுநீர் வேகமாகவும் கரையோர நீர் மெதுவாகவும் போவதுபோலக் குழாயிலும் நடுவில் போகும் பால் முந்திக்கொள்ளும். 10.6 மீட்டர் குழாயில் சராசரித் துளிதான் 15 நொடி இருக்கும். முந்தும் துளி 12 நொடியிலேயே வெளியே வந்துவிடலாம். நோய் வருவது அந்த முந்திய துளியால். எனவே அதற்கே 15 நொடி கிடைக்கும்படி குழாயை 13 மீட்டருக்கு மேல் நீட்ட வேண்டும். ஓட்டம் புரண்டு ஓடும் ஓட்டமாக இருப்பதால் இவ்வளவோடு போகிறது. கெட்டியான திரவம் மெதுவாக, அடுக்கடுக்காக வழுக்கிக்கொண்டு ஓடினால் நடுத்துளியின் வேகம் சராசரியைப் போல இரு மடங்காகிவிடும்.

குழாயின் சாய்வும் முக்கியம். பால் போகும் திசையில் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதமாவது ஏறிக்கொண்டே போக வேண்டும். ஏற்றம் இல்லாவிட்டால் காற்றுக்குமிழ் மேல்பக்கம் தங்கிவிடும். தங்கிய காற்று இடத்தை அடைக்க, பாலுக்கு வழி குறுகும், வேகம் கூடும், நேரம் குறையும். வெப்பமானியில் எல்லாம் சரியாகவே தெரியும், நேரம் மட்டும் போய்விட்டிருக்கும்.

அதனால் குழாயின் கணக்கை நம்பி விட்டுவிடாமல் அளந்தும் பார்க்கிறார்கள். குழாயில் நீரை ஓட்டி, அதன் தொடக்கத்தில் உப்புக் கரைசலைச் சட்டென்று செலுத்துகிறார்கள். இரு முனைகளிலும் மின்கடத்தலை அளக்கும் முனைகள் இருக்கும். இந்த முனையில் உப்பு தெரிந்த கணத்திலிருந்து அந்த முனையில் முதன்முதலாக உப்பு தெரியும் கணம் வரை எத்தனை நொடி? முதல் உப்புத் தடம் வந்ததுமே கடிகாரத்தை நிறுத்த வேண்டும். பின்னால் வருவது எவ்வளவு நேரம் இருந்தது என்பது இங்கே கேள்வியே இல்லை. நீரில் கிடைத்த நேரத்தைப் பாலின் ஓட்ட வேகத்துக்குத் திருத்திக்கொள்வார்கள். அளந்தபின் பம்பின் வேகத்தை யாரும் கூட்டிவிடாதபடி முத்திரையிட்டுப் பூட்டும் வழக்கமும் உண்டு.

படி 6: தேறாத பாலைத் திருப்பும் வால்வு

குழாயின் முடிவில் வெப்பமானி. அதையடுத்து திருப்பு வால்வு. எஃப்.டி.வி. என்றுதான் பண்ணையில் சொல்வார்கள். வெப்பமானி ஏன் முடிவில் இருக்கிறது? தொடக்கத்தில் 72 இருந்தால், அங்கே 72 இருந்தது என்று மட்டுமே பொருள். முடிவிலும் 72 இருந்தால், வழி நெடுகிலும் அதற்குக் குறையவில்லை என்று பொருள்.

வெப்பநிலை குறித்த அளவுக்குக் கீழே போன உடனே, ஒரு நொடிக்குள், வால்வு மாறிவிட வேண்டும். பக்கத்தில் நின்றால் காற்று சீறும் ஓசையோடு தண்டு இறங்குவது தெரியும். முன்னே போய்க்கொண்டிருந்த பால் அந்தக் கணமே பக்கவாட்டுக் குழாயில் திரும்பி, பேலன்ஸ் டேங்க்குக்குப் போய், மறுபடி சூடேற வரும். பதிவுத் தாளில் நேரமும் வெப்பமும் பதியும். பேனா ஒரு படி இறங்கியிருப்பதைப் பார்த்தே எத்தனை மணிக்குத் திருப்பியது, எவ்வளவு நேரம் திருப்பியது என்று சொல்லிவிடலாம்.

இந்த வால்வை முன்னோக்கித் திறந்து வைத்திருப்பது காற்றழுத்தம். திருப்பு நிலைக்குத் தள்ளுவது ஸ்பிரிங். மின்சாரம் போனாலும், கம்ப்ரஸர் நின்றாலும், கம்பி அறுந்தாலும் ஸ்பிரிங் வென்று பால் திரும்பிவிடும். பழுது எதுவானாலும் பால் பாக்கெட்டை நோக்கிப் போகாது. பாதுகாப்பை ஆளின் கவனத்தில் விடாமல் அமைப்பிலேயே வைத்தவர்களின் பொறுப்புணர்ச்சி மெச்சத்தக்கது.

படி 7: குளிர்தலும் அழுத்தமும்

தேறிய பால் 3-ஆம் படியில் பார்த்த தகடுகளின் மறுபக்கம் வழியாகத் திரும்பி, தன் சூட்டைக் கொடுத்துவிட்டு, குளிர்நீர்ப் பகுதியில் 4 டிகிரிக்கு இறங்குகிறது. இங்கே ஓர் ஆபத்து உண்டு. அரை மில்லிமீட்டர் தகட்டின் ஒருபுறம் பச்சைப் பால், மறுபுறம் பதமான பால். தகட்டில் ஊசித்துளை விழுந்தால்? அதற்காகவே பதமான பாலின் அழுத்தத்தை எப்போதும் பச்சைப் பாலின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். ஓட்டை விழுந்தாலும் பதமான பால்தான் பச்சைப் பாலுக்குள் கசியும்.

படி 8: சாட்சிச் சோதனை

பச்சைப் பாலில் பாஸ்படேஸ் என்ற நொதி இயல்பாகவே இருக்கிறது. காசநோய்க் கிருமியைக் கொல்லத் தேவையான சூட்டைவிடச் சற்றே கூடுதலான சூட்டில் அது அழிகிறது. ஆகவே நொதி அழிந்திருந்தால் அந்தக் கிருமியும் அழிந்திருக்கும். ஆய்வகத்தில் வினைபொருள் கரைசல் 5 மில்லியில் 1 மில்லி பாலைக் கலந்து 37 டிகிரியில் 2 மணி நேரம் வைக்கிறார்கள். நிறம் மாறாவிட்டால் பால் தேறியது. மஞ்சள் ஏறினால் சூடு போதவில்லை, அல்லது பச்சைப் பால் எங்கோ கலந்திருக்கிறது.

நல்ல சோதனை. ஆனால் முடிவு வர 2 மணி நேரமாகும். அதற்குள் 10,000 லிட்டர் பால் கடந்துபோயிருக்கும். எனவே இது காவல் அல்ல, சாட்சி. காவல் குழாயின் முடிவிலுள்ள வால்வுதான். அறிவு வளரும்போது காவலின் அளவும் மாறியிருக்கிறது. கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்சியெல்லா பர்னெட்டி கூடுதல் சூட்டைத் தாங்குகிறது என்று தெரிந்ததும், 1956-ல் அமெரிக்காவில் தொட்டி முறையின் வெப்பநிலையை 61.7 டிகிரியிலிருந்து 62.8-க்கு உயர்த்தினார்கள். இன்றைய 63 அதன் தொடர்ச்சி.

இந்தச் சூட்டில் வித்துகளாக (ஸ்போர்) மாறிய பாக்டீரியாக்கள் சாவதில்லை. அதனால்தான் பாக்கெட் பாலுக்குக் குளிர் தேவை. கடையில் வெளியே கிடந்த பாக்கெட்டைப் பண்ணையின் 15 நொடி காப்பாற்றாது.

படி 9: நிறுத்துவதும் கழுவுவதும்

தொடர் முறை என்றாலும் முடிவில்லாமல் ஓட்ட முடியாது. சூட்டில் மோர்ப்புரதம் உருமாறித் தகட்டில் ஒட்டுகிறது. கால்சியம் பாஸ்பேட் சூடேறினால் கரையாமல் படிகிறது. அதே 72 டிகிரியைத் தர வெந்நீரின் சூட்டைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். படிவு ஏறுகிறது என்பதற்கு அதுவே அறிகுறி. கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் நடக்கிறது. பால் குளிர்ந்து திரும்பும் வழியில் 40 முதல் 55 டிகிரி வரை உள்ள தகடுகளில் சூடு விரும்பும் பாக்டீரியாக்கள் மெல்ல வேர்பிடிக்கின்றன. வால்வைத் தாண்டிய இடம் என்பதால் வெப்பமானியால் இதைப் பிடிக்க முடியாது. எனவே 8 முதல் 10 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தை நிறுத்தி, நீர், காரம், நீர், அமிலம், நீர் என்ற வரிசையில் கழற்றாமலே கழுவுகிறார்கள். காரம் புரதத்தையும் கொழுப்பையும் எடுக்கும். நைட்ரிக் அமிலம் தாதுப் படிவை எடுக்கும். திரும்பத் தொடங்கும்போது முதலில் வெந்நீர் ஓடும். அதைத் தள்ளிக்கொண்டு பால் வரும். இடையில் வரும் நீர்ப்பாலை ஒதுக்கிவிடுவார்கள்.

இதே வழியில் மாத்திரை

வழக்கமான மாத்திரைத் தயாரிப்பு தொட்டி முறைதான். மருந்தையும் துணைப்பொருள்களையும் பெரிய கலனில் கலந்து, மாதிரி எடுத்து, ஆய்வக முடிவு வரும் வரை காத்திருந்து, அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காத்திருப்பு. ஒரு தொகுதி முடிய வாரக்கணக்கில் ஆகும். 2015-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தொடர் முறையில் செய்யப்படும் ஆர்காம்பி என்ற மாத்திரைக்கு அனுமதி தந்தது. 2016-ல் பிரசிஸ்டா என்ற எச்.ஐ.வி. மருந்தைத் தொட்டி முறையிலிருந்து தொடர் முறைக்கு மாற்ற ஒப்புதல் கிடைத்தது. 2022 நவம்பரில், மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் ஐ.சி.எச். அமைப்பின் கியூ13 வழிகாட்டுதல் இந்தத் தொடர் முறைக்கென்றே வந்தது.

நேரடியாக அழுத்திச் செய்யும் மாத்திரை வரிசையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோ தூள். ஒரு மாத்திரை 200 மில்லிகிராம். மணிக்கு 1 லட்சம் மாத்திரை. அதில் கால்பங்கு மருந்து என்றால் மருந்துத் தூள் மணிக்கு 5 கிலோ, நிமிடத்துக்கு 83 கிராம் வீதம் இறங்க வேண்டும். தூள் நிரம்பிய கூம்பு எடைமானியின் மேல் நிற்கிறது. கூம்பின் எடை நிமிடத்துக்கு 83 கிராம் குறைகிறதா என்று கணினி பார்த்துக்கொண்டே, தூளைத் தள்ளும் திருகின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பேலன்ஸ் டேங்க் செய்யும் வேலையே இது. கூம்பில் மேலிருந்து மறுபடி தூள் நிரப்பும் சில நொடிகளில் எடைக் கணக்கு குழம்பிவிடும். பிசகு நேர்வது அந்தச் சமயத்தில்தான்.

அடுத்து, படுக்கைவாட்டில் சுழலும் கலப்பான். தூள் அதற்குள் ஏறக்குறைய ஒரு நிமிடம் தங்குகிறது. இங்கும் உப்புச் சோதனை போலவே அடையாளப் பொருளைச் செலுத்தி, எப்போது வெளிவரத் தொடங்குகிறது, எப்போது முற்றிலும் தீர்கிறது என்று அளக்கிறார்கள். பாலில் முந்திய துளி மட்டும்தான் கவலை. தூளில் முந்தியதும் வேண்டும், பிந்தியதும் வேண்டும். திருகு சற்று நேரம் மருந்தைக் கூட்டிப் போட்டுவிட்டால், அதன் முதல் துணுக்கு எந்த மாத்திரையில் வரும், கடைசித் துணுக்கு எந்த மாத்திரையில் போய் முடியும் என்று தெரிந்தால்தான் இடைப்பட்ட எல்லாவற்றையும் ஒதுக்க முடியும். சிறு பிசகைக் கலப்பானே பரப்பிச் சமன் செய்துவிடும். எவ்வளவு பிசகை அது தாங்கும் என்பதையும் இந்த அளவீடுதான் சொல்லும்.

மாத்திரை அழுத்தும் இயந்திரத்தின் வாயில் அகச்சிவப்பு ஒளிமானி தூளைத் தொடாமலே மருந்தின் அளவைப் பார்க்கிறது. அளவு தவறினால் திருப்புக் கதவு மாறி, மாத்திரைகள் கழிவுப் பெட்டிக்குப் போகும். எஃப்.டி.வி.யின் அதே வேலை, ஒரு வேறுபாட்டோடு. பாலை மறுபடி சூடாக்கலாம், மாத்திரையைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் எல்லையை மிகத் தளர்த்தினால் நோயாளிக்குக் கேடு, மிக இறுக்கினால் விலையுயர்ந்த மருந்து வீண்.

தொடர் முறையிலும் தொகுதி உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு தூள் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என ஏதாவதொன்றை வைத்து அதை வரையறுக்கிறார்கள். தேவை கூடினால் பெரிய கலன் வாங்க வேண்டியதில்லை. அதே இயந்திரத்தைக் கூடுதல் நேரம் ஓட்டலாம். தட்டுப்பாட்டுக் காலத்தில் இது பெரிய உதவி.

இந்த முறைக்கு மாற நினைக்கும் மருந்துக்கூடம் இயந்திர விலையை விசாரிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இவை: எங்கள் பொருளில் முந்திய துணுக்கும் பிந்திய துணுக்கும் எத்தனை நொடி தங்குகின்றன? அளக்கும் கருவி வேலை முடியும் இடத்தில் இருக்கிறதா, தொடங்கும் இடத்தில் இருக்கிறதா? மின்சாரம் போனால் திருப்புக் கதவு எந்தப் பக்கம் சாயும்? இவற்றுக்கு அளந்த விடை கையில் இல்லாதவரை, ஓட்டத்தின் வேகம் தவறைத்தான் வேகமாகப் பெருக்கும். ஒரு மாத்திரையில் மருந்து சரியாக இருக்கிறதா என்று ஆய்வகத்தில் உறுதியாகக் காண அதைக் கரைத்தாக வேண்டும். கரைத்ததை யாருக்கும் கொடுக்க முடியாது. நோயாளி விழுங்குவது யாரும் கரைத்துப் பார்க்காத மாத்திரையைத்தான். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியது அது வந்த வழி.